கூலர் மேல் போட்ட மாலை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வேலை செய்யும் இடத்தில் எனக்கு ஊசிப்பட்டாசு என்று பட்டப்பெயர் உண்டு. பல வருடம் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, ஆனால் எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். கத்தியதற்காக நான் வெட்கப்பட்டதில்லை. கத்த வேண்டிய ஒரு நாளில் வாயை மூடிக்கொண்டு நின்றேன், அதற்குத்தான் இன்றுவரை வெட்கப்படுகிறேன். கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போது அது ஞாபகம் வந்தால் சத்தமாக "சே!" என்று சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் கணவர் இருந்தால், "என்ன, ரோடு மாறி வந்துட்டியா?" என்று கேட்பார்.

பிரிக்பீல்ட்ஸில் வீடு, கிள்ளானைத் தாண்டி காப்பார் போகும் ரோட்டில் வேலை. காலையில் ஊரே கோலாலம்பூருக்குள் நுழைய முட்டிமோதும்போது நான் எதிர்த்திசையில் ஜாலியாகப் போவேன். பிளாஸ்டிக் போத்தல் செய்யும் தொழிற்சாலை அது. அங்கே கம்ப்ரெஸர் ரூம் என் பொறுப்பு. பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் எல்லாம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

நீங்கள் குடிக்கும் தண்ணீர்ப் போத்தல் பிறக்கும்போது விரல் தடிமனில் ஒரு குட்டிக் குழலாகத்தான் இருக்கும். அதைச் சூடுகாட்டி அச்சுக்குள் வைத்துக் காற்றை ஊதினால், பலூன் மாதிரி விரிந்து போத்தல் ஆகும். ஆனால் அதற்குச் சாதாரணக் காற்று போதாது. கார் டயருக்குள் இருப்பதைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் அழுத்தம் வேண்டும். அந்தக் காற்றைத் தயாரிப்பதுதான் என் ரூமில் இருக்கும் மெஷினின் வேலை.

காற்றை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிளுக்குப் பம்ப் அடித்தவர்களுக்கு இது தெரியும். அடிக்க அடிக்கப் பம்பின் அடிப்பக்கம் கையைச் சுடும். வெளிக்காற்றை ஒரே அழுத்தாக எங்களுக்கு வேண்டிய அளவுக்குக் கொண்டுபோனால், சூடு அறுநூறு டிகிரி பக்கம் போய்விடும். சிலிண்டருக்குள் ஓடும் எண்ணெய் பற்றிக்கொள்ளும். அதனால் மூன்று படியாக அழுத்துகிறோம். முதலில் பெரிய சிலிண்டர், அடுத்து நடுத்தரம், கடைசியில் சின்னது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு கூலர் உண்டு. முதல் சிலிண்டரிலிருந்து காற்று கொதித்துக்கொண்டு வரும், கூலருக்குள் போய் நன்றாக ஆறும், பிறகுதான் அடுத்த சிலிண்டருக்குள் நுழையும். கடைசியில் கிடைக்கும் அழுத்தம் அதே அழுத்தம்தான். ஆனால் வழியில் எங்கேயும் சூடு நூற்றறுபது டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. மின்சாரமும் மிச்சம். சூடான காற்று விரிந்துகொண்டு முரண்டு பிடிக்கும், ஆறிய காற்று சொன்னபடி அடங்கும்.

இதில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நான் புதிதாக வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஒவ்வொரு சிலிண்டரும் தன்னிடம் வந்த சூட்டின் மேல்தான் தன் சூட்டை ஏற்றும். முதல் கூலர் ஒழுங்காக ஆறவைக்கவில்லை என்றால், இரண்டாவது சிலிண்டர் அந்தச் சூட்டை வாங்கி இன்னும் பெரிதாக்கும். பிறகு சூடு காட்டும் மீட்டர் ஏறும், ஒரு கட்டத்தில் மெஷின் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். நிறுத்தாமல் ஓடினால் எண்ணெய் கருகி வால்வில் அப்பிக்கொள்ளும், அதற்கு மேல் நடப்பதைச் சொல்லவேண்டாம்.

விசிறி இழுக்கும் வெளிக்காற்று பட்டுத்தான் கூலர் ஆறவைக்கும். அதனால் கூலருக்கு முன்னால் யாராவது ஒரு பொருளை வைத்தால் எனக்குக் கண்மண் தெரியாது. அட்டைப்பெட்டி அடுக்கியவர்களை, "இது என்னா லா, உங்க வீட்டு ஸ்டோர் ரூமா?" என்று கத்தியிருக்கிறேன். ஒரு மழைநாளில் முதலாளி தன் குடையைக் காயட்டும் என்று கூலருக்கு எதிரே விரித்துவைத்தார். சீனர், வயதானவர், நல்ல மனிதர். அந்தக் குடையை நானே மடக்கி அவர் கையில் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஈரக் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

இவ்வளவு வாய் உள்ள எனக்கு வருடத்தில் ஒரு நாள் மட்டும் வாய் இருக்காது. அது ஆயுத பூஜை நாள்.

நான் வேதக்காரி. அப்பா ரயில்வேயில் இருந்தவர், பிரிக்பீல்ட்ஸில் மாதா கோயிலுக்குப் போய்த்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை விடியும். தொழிற்சாலையில் தமிழர்கள் பெரும்பாலும் இந்துக்கள். எனக்கு முன்னால் கம்ப்ரெஸர் ரூமைப் பார்த்துக்கொண்டவரும் வேதக்காரர்தான். பூஜைக்கு மெஷினில் வைத்த சந்தனப் பொட்டை அவர் மறுநாளே மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் போட்டாராம். அதை இன்னும் பேசுகிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண் நேராகவே கேட்டாள்: "நீங்களும் அவரு மாதிரிதானா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் அப்படி இல்லை என்று காட்டவேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். ஆனால் எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. பூஜை அன்று ரூம் வாசலில் நிற்பேன். உள்ளே கூப்பிட்டால் போவேன். தீபம் வரும்போது கையை எப்படி நீட்டவேண்டும் என்று முன்னால் இருப்பவரைப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்குள் தட்டு என்னைத் தாண்டிப் போயிருக்கும். வருடம் முழுக்க ஒரே மேசையில் ஒரே சம்பலைப் பகிர்ந்து சாப்பிடுகிறவர்கள் நடுவில், அந்த ஒரு நாள் நான் விருந்தாளி. என்னையும் ஒரு நாள் "வா, இதைப் பிடி" என்று சொல்லமாட்டார்களா என்று இருக்கும். இந்த வயதில் இப்படி ஒரு ஆசை இருந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பூஜையில் தட்டு பிடிப்பது ஓர் அக்கா. பாக்கிங் பகுதியை மேய்ப்பவர், காப்பாரிலிருந்து மோட்டோ பைக்கில் வருவார். தொழிற்சாலை சின்னக் கொட்டகையாக இருந்த காலத்திலிருந்தே மாலை கட்டுவது, பொட்டு வைப்பது, தீபம் காட்டுவது எல்லாம் அவர்தான். பூஜை முடிந்து மெஷினை ஓட்டும் பச்சைப் பொத்தானை முதலாளி அமுக்கவேண்டும், ஆனால் அக்கா தலையை ஆட்டும்வரை முதலாளியின் விரல் அசையாது. அந்த ஒரு நாள் அவர்தான் அங்கே முதலாளி.

போன வருடம் அக்காவின் கணவர் இறந்துபோனார். ஆயுத பூஜை நெருங்கியபோது, அக்கா சாப்பாட்டு மேசையில் மெதுவாகச் சொன்னார்: "இந்த வருசம் வேற யாராச்சும் தட்டு பிடிங்க. என் கையி வேணாம்."

மற்ற பெண்கள் சோற்றைப் பார்த்தார்கள். எனக்குத்தான் தாங்கவில்லை. புருஷன் செத்தால் பெண்ணின் கை கெட்டுப்போய்விடுமா என்று ரத்தம் கொதித்தது.

"அக்கா, இந்தக் காலத்துல யாரு அதெல்லாம் பாக்குறா? நீங்கதான் போடணும். நீங்க போடலன்னா பூஜையே வேணாம்," என்றேன்.

"வருசம் கூட திரும்பல, தங்கச்சி."

"திரும்பலன்னா என்னா? மெஷினுக்குத் தெரியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் கொஞ்சம் சிரித்தார். பிறகு மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முதலாளி காதுக்குப் போய், அவரும் வந்து, "நீ செய், எப்பவும் நீதானே," என்று தன் அரைகுறைத் தமிழில் சொன்னார். அக்காவின் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஏதோ ஒரு வெளிச்சம் வந்தது. நான் பெரிய சாதனை செய்ததுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாம்பாரை ஊற்றிக்கொண்டேன். அவர்களுடைய சம்பிரதாயத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை என்று அப்போது தோன்றவே இல்லை.

பூஜை அன்று அக்கா கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பூ வாங்கி, தானே கட்டி எடுத்துவந்திருந்தார். செவ்வந்தியும் ரோஜாவும் வைத்துத் தொடை தடிமனில் ஒரு மாலை, கூடவே மஞ்சள் பட்டுத்துணி. மற்ற வருடங்களில் ஒரு முழம் பூவை மெஷினின் மேல்மூடியில் வைப்பதோடு சரி. அந்த வருடம் அவர் மனசு அப்படி இருந்திருக்கிறது, பெரிதாகச் செய்யவேண்டும் என்று.

எங்கள் மெஷினுக்கு ஒரு முகம் உண்டு. முன்பக்கம் முதல் கூலர் சல்லடை மாதிரி அகலமாக நிற்கும், அதற்குப் பின்னால் விசிறி வட்டமாகத் தெரியும். யார் பார்த்தாலும் அதைத்தான் முகம் என்பார்கள். மாலை போடுவதென்றால் வேறு எங்கே போடுவார்கள்?

அக்கா சந்தனத்தை வட்டத்தின் நடுவே வைத்துக் குங்குமம் இட்டார். பிறகு மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இங்க போடலாமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னைக் கேட்காமல் அந்த ரூமில் ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டார்கள், அந்தப் பழக்கத்தில்தான் கேட்டார். எனக்குத் தெரியும். மாலை கூலரில் பாதியை அடைக்கும், பட்டுத்துணி மீதியை அடைக்கும், மெஷின் ஓடினால் விசிறி துணியை உள்ளே இழுத்து ஒட்டவைத்துவிடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "மேல போடுங்கக்கா, இங்க வேணாம்" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் அந்த நொடியில் மண்ணெண்ணெய்த் துணியோடு நின்றவரின் ஞாபகம் வந்தது. "பாரு, இவளும் அப்படித்தான்" என்று யாராவது நினைப்பார்களோ என்று பயந்தேன்.

"போடுங்கக்கா, போடுங்க," என்றேன்.

போட்டார். பட்டுத்துணியை இரண்டு மூலையிலும் கட்டினார். தீபம் காட்டினார். அக்கா தலையை ஆட்டினார், முதலாளி பொத்தானை அமுக்கினார். மெஷின் உறுமிக்கொண்டு எழுந்தது. விசிறி சுழன்றதும் பட்டுத்துணி சர்ரென்று கூலரோடு ஒட்டிக்கொண்டது. "மூச்சு இழுக்குது பாரு!" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கண் மீட்டரில் இருந்தது.

காகிதக் கப்பில் சர்க்கரைப் பொங்கல் வந்தது. மீட்டர் ஏறிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் பொறுத்து, எல்லோரும் சாப்பிடப் போனதும் துணியைச் சத்தமில்லாமல் விலக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். யாரும் போகவில்லை. மெஷின் முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவை நடுவில் நிறுத்தி ஒரு படம் எடுக்கும்போது சிவப்பு விளக்கு எரிந்து, அலறல் கேட்டு, மெஷின் நின்றுபோனது.

அந்த அமைதியை என்னால் மறக்கமுடியாது. ஒரு கம்ப்ரெஸர் நின்றால் எவ்வளவு அமைதி வரும் என்பது அதோடு வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

"கெனாப்பா?" என்றார் முதலாளி. ஏன் என்று அவர் மலாயில் கேட்டால் அவசரம் என்று அர்த்தம்.

சொல்ல இன்னொரு வாய்ப்பு. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "பானாஸ் லா பாஸ். வெயில் ஜாஸ்தி இன்னிக்கு."

சூடு ஆறும்வரை காத்திருந்து மறுபடி ஓட்டினேன். ஏறியது, அலறியது, நின்றது. யாரும் இப்போது செல்பி எடுக்கவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், பயத்தில் வந்த குரல்: "அக்காதான் அப்பவே வேணாம்னு சொன்னாங்களே."

அக்கா தட்டைக் கீழே வைத்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார், திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் எல்லாவற்றையும்விட மோசம். வெளியே போத்தல் லைன் நின்றுபோய்க் கிடந்தது, முதலாளி கைபேசியில் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு விளக்கமும் சொல்லாமல் போய் மாலையைக் கழற்றினேன், துணியை அவிழ்த்தேன், இரண்டையும் மூலையில் ஒரு நாற்காலியில் வைத்தேன். மெஷினை ஓட்டினேன். மீட்டர் சாதுவாக வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தது. மெஷின் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது.

அங்கே நின்றவர்கள் எல்லோரும் பார்த்தது என்ன? அக்கா போட்ட மாலை மேலே இருந்தபோது மெஷின் ஓடவில்லை. எடுத்ததும் ஓடியது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நான் திரும்பிப் பார்த்தபோது அக்கா அங்கே இல்லை.

அடுத்த வாரம் அவர் முதலாளியிடம் கேட்டு, பின்பக்க ஸ்டோருக்கு மாறிக்கொண்டார். பாக்கிங் பகுதிக்குப் போக கம்ப்ரெஸர் ரூம் வாசலைத் தாண்டவேண்டும், ஸ்டோருக்கு அது தேவையில்லை. சாப்பாட்டு மேசைக்கும் வருவதில்லை. தீபாவளிக்கு வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் வாழ்த்து அனுப்பினார்கள், அவர் இல்லை. அவருக்குத் துக்க வருடம், கொண்டாடமாட்டார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். வால்வைக் கழற்றிப் பார்த்தபோது லேசாகக் கருகியிருந்தது. அந்தக் கருப்பைத் துடைக்கும்போதுகூட, நாளைக்குச் சொல்லலாம், தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்றே நாளைக் கடத்தினேன். ஒவ்வொரு நாளும் சொல்லாமல் விட்டதன் மேல்தான் அடுத்த நாளின் சொல்லாமை ஏறியது. படிப்படியாக அழுத்துவதைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் நான்!

என் கணவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வரும்போது கேட்டார்: "அந்தக் காப்பார் அக்கா எப்படி இருக்காங்க?" நான் காரைக் கிள்ளான் பக்கம் திருப்பினேன். அக்கா வீடு இருக்கும் தாமான் குடியிருப்பின் வாசலில் அவர் ஒரு கோப்பிக்கடையில் இறங்கிக்கொண்டு, "பேசிட்டு வா" என்றார்.

அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் பயம்தான் வந்தது, மெஷின் மறுபடி நின்றுவிட்டதோ என்று. உட்காரச் சொல்லி மைலோ கலக்கிக் கொடுத்தார். நான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தேன். அக்காவின் கணவர் விட்டுப்போன மோட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பம்ப் இருந்தது. அதைத்தான் எடுத்தேன். காற்று வரும் வாயை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அக்காவை அடிக்கச் சொன்னேன். பைத்தியம் பிடித்துவிட்டதா என்பதுபோல் பார்த்தார், ஆனால் அடித்தார்.

"கீழ தொட்டுப் பாருங்க."

"சுடுது."

"காத்த அழுத்துனா சுடும்கா. அந்த மெஷின் மூணு தடவ அழுத்துது. ஒவ்வொரு தடவையும் நடுவுல ஆறணும். ஆறவைக்கிறது அந்த முகம்தான், நீங்க பொட்டு வச்ச இடம். துணி போய் அத அடச்சிருச்சு. ஆறாத காத்து அடுத்த சிலிண்டருக்குப் போய் இன்னும் சூடாச்சு. அதான் நின்னுச்சு. உங்க கையினால இல்லக்கா. யாரு போட்டிருந்தாலும் நின்னிருக்கும். நான் போட்டிருந்தாலும் நின்னிருக்கும்."

அக்கா பம்பின் அடிப்பக்கத்தில் கையை வைத்தபடியே கேட்டார்: "இது உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"நான் உன்னத்தானே கேட்டேன், இங்க போடலாமான்னு?"

"ஆமா."

"அட்டப்பெட்டி வச்சா கத்துற. முதலாளி குடையவே மடக்கிக் குடுத்த. எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

நான் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மண்ணெண்ணெய்த் துணி மனிதரைப் பற்றி, அவரைப் போல என்னை நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தைப் பற்றி, உங்கள் பூஜையில் நான் குறுக்கே பேசினால் தப்பாகிவிடும் என்று நினைத்ததைப் பற்றி. சொல்லும்போதே அது எவ்வளவு சின்னத்தனமாக இருக்கிறது என்று என் காதுக்கே கேட்டது.

அக்காவுக்குக் கோபம் வந்தது. நான் அவரிடம் அதுவரை பார்க்காத கோபம்.

"உங்க பூஜ, எங்க பூஜன்னு யாரு பிரிச்சா? நீதானே பிரிச்ச? தட்டு பிடிக்கமாட்டேன்னு நான் ஒதுங்கினப்போ, வான்னு இழுத்துட்டு வந்ததும் நீதான். அதுக்கு மட்டும் வாய் இருந்துச்சு. உன் மெஷினப் பத்திச் சொல்ல வாய் இல்லியா? நீ ஒரு சத்தம் போட்டிருந்தா நான் சிரிச்சிட்டு மேல போட்டிருப்பேன். மரியாத பண்றேன்னு என்னை வெளியாளு ஆக்கிட்டியே, தங்கச்சி."

எனக்கு அழுகை வந்தது, அதற்கும் வெட்கமாக இருந்தது. அழவேண்டியவர் அவர்.

"எத்தன ராத்திரி தூங்கல தெரியுமா?" என்றார், குரல் இறங்கிப்போய். "அவரு போனதுக்கே என் ராசிதான் காரணம்னு ஒரு பேச்சு வந்துச்சு. நான் நம்பல. மெஷின் நின்னதும் நம்பிட்டேன்."

மைலோ மேல் ஆடை படிந்துவிட்டது. இரண்டு பேரும் குடிக்கவில்லை.

மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன், முதலாளியும் இருந்தார். கூலர் அடைபட்டதை விளக்கினேன், அக்கா கேட்டபோது தெரிந்தே போடச் சொன்னதையும் சொன்னேன். முதலாளி "என் குடையைக் கூட விடல நீ," என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பூஜை அன்று பின்னாலிருந்து பேசிய பெண் ஸ்டோருக்குப் போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். அக்கா கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பினார், பிறகு பாக்கிங்குக்கும் திரும்பினார். என்னிடம் பேச்சு பழையபடி ஆகிவிட்டது. பழையபடியைவிட அதிகம் என்றே சொல்லலாம், இப்போது என்னைத் திட்டுகிறார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

இந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. அக்கா வீட்டில் துக்க வருடம் முடிந்திருந்தது. மாலையும் அவரே கட்டி வந்தார், அதே தடிமன். ரூமுக்குள் வந்ததும் எல்லோரும் குறும்பாக என்னைப் பார்த்தார்கள். நான் தயாராக இருந்தேன்.

"கூலர் பக்கம் போனீங்கன்னா காலை ஒடிச்சிருவேன்! மூச்சு முட்டும் அதுக்கு! டாங்கி மேல போடுங்க!" என்று கத்தினேன். ரூமே சிரித்தது. முதலாளி குடையை மடக்குவதுபோல் கையைக் காட்டினார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அக்காவும் சிரித்தார். மாலையை எடுத்துக்கொண்டு, அழுத்திய காற்றைச் சேமிக்கும் பெரிய டாங்கிக்கு முன்னால் போய் நின்றார். மாலையைத் தூக்கினார். பாதியில் கை நின்றது. மறுபடி தூக்கப் பார்த்தார். பிறகு திரும்பி, மாலையை என்னிடம் நீட்டினார்.

"இந்தா, நீ போடு. எங்க போடணும்னு உனக்குத்தான் தெரியும்."

எல்லோரும் "ஆமா ஆமா, ஊசிப்பட்டாசு போடட்டும்!" என்று கூச்சல் போட்டார்கள். முதல் தடவையாக என் முகத்துக்கு நேரே அந்தப் பெயர். நான் அவர் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன்: "அக்கா, நான் சொன்னது நம்பலியா? கூலர்தான் காரணம்."

"நம்புறேன், தங்கச்சி. நல்லா புரிஞ்சிருச்சு. கை மட்டும் வரல," என்றார்.

மாலை கையில் ஈரமாக, கனமாக இருந்தது. நான் அதை டாங்கியின் கழுத்தில் போட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். எத்தனையோ வருடமாக நான் ஆசைப்பட்டது அதுதான், உள்ளே நிற்பது, கூப்பிடப்படுவது. பொத்தான் பக்கத்தில் நின்ற முதலாளி தலையாட்டலுக்காக வழக்கம்போல் அக்காவைத் தேடினார். அக்கா வாசல் ஓரத்தில், நான் எப்போதும் நிற்கிற இடத்தில் போய் நின்றிருந்தார்.